ஒரே வீட்டில் இரண்டு ஹார்மோன் கோளாறு: நீர்க்கட்டியும் தைராய்டும்

எங்கள் வீட்டில் எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்), அம்மாவுக்குத் தைராய்டு. இரண்டையும் 'ஹார்மோன் பிரச்சினை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே வைத்தியம் சொல்லும் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பெரியம்மா கழற்சிக்காய்ப் பொடி கொண்டுவந்தார். அத்தை ஆளிவிதை. பக்கத்து வீட்டு அக்கா சமையலுக்கு இந்துப்புக்கு மாறச் சொன்னார். போனைத் திறந்தால், பாலையும் மைதாவையும் சர்க்கரையையும் விட்டால் எல்லா ஹார்மோனும் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோ. எந்த ஹார்மோன், கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, எதனால் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்களுக்கு அந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகுதான் அடுப்படியில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்று புரிந்தது. அம்மாவின் விடைக்கும் என் விடைக்கும் சம்பந்தமே இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகல் முழுக்க நாற்காலி. சாயங்காலத்துக்கு மேல் வெளிநாட்டு பையர்களோடு போன், மெயில். சாம்பிள் கிளம்பும் வாரத்தில் வீட்டுக்கு வரவே பத்து மணி ஆகும். நாள் தள்ளிப் போவது எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதமும் தாண்டும். தாடையில் முரட்டு முடி. பார்லரில் புருவத்தோடு சேர்த்து அதையும் திரெட்டிங் பண்ணிக்கொள்வேன். பின்கழுத்து கறுத்துப் போனதை அம்மா அழுக்கு என்றே நினைத்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளெல்லாம் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம்.

பெண் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "கழுத்தைக் கொஞ்சம் திருப்புங்கம்மா" என்றார். விரலால் தொட்டுப் பார்த்தார். "இது அழுக்கில்லைம்மா, இனிமேல் தேய்க்காதீங்க. ரத்தத்துல இன்சுலின் ரொம்ப நாளா கூடுதலா இருந்தா தோல் இப்படித் தடிச்சுக் கறுக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, நாற்பது வயதிலிருந்தே.

அன்று அவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளைச் சொல்கிறேன். லேப் விளம்பரங்களில் வரும் பெரிய 'ஹார்மோன் பேக்கேஜ்' எதுவும் அதில் இல்லை. டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுவது), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), வெறும் வயிற்றில் சர்க்கரை, பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை. மாதவிலக்கு தள்ளிப்போவதற்கு தைராய்டும் புரோலாக்டினும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும். புரோலாக்டினுக்கு எழுதும்போது, "கேஸ் மாத்திரை ஏதாவது போடறீங்களா?" என்றும் கேட்டார். வயிற்றெரிச்சலுக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் சில மாத்திரைகளில் டொம்பெரிடோன் கலந்திருக்கும். அது புரோலாக்டினை ஏற்றிக் காட்டும். முடி உதிர்கிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு அளவு தப்பாக வர வாய்ப்புண்டு. இன்சுலின் அளவைத் தனியாகப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். கழுத்தும், இடுப்புச் சுற்றளவும், இரண்டு மணி நேரச் சர்க்கரையும் சொல்வதைவிட அது கூடுதலாக ஒன்றும் சொல்லாது என்றார்.

எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, முழுக்க நார்மல். குளுக்கோஸ் குடித்த பிறகு 158. அது 140-க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்திருந்தால் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு வந்திருப்பேன்.

சினைப்பையைப் பற்றி அவர் சொன்னது இதுதான். கணையம் சுரக்கும் இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் சரியாகக் கேட்காதபோது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. தசைக்குக் கேட்காத இன்சுலின் சினைப்பைக்கு நன்றாகவே கேட்கிறது. அங்கே அது ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. கல்லீரலில், டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தின் உற்பத்தியையும் குறைக்கிறது. அதனால் ரத்தத்தில் கட்டவிழ்ந்து திரியும் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது. தாடை முடி அதன் வேலை. முட்டைப்பைகள் பாதி வளர்ந்து அப்படியே நின்றுபோகின்றன; ஸ்கேனில் முத்து கோத்ததுபோல் தெரிவது அவைதான். அறுத்து எடுக்க வேண்டிய கட்டி என்று எதுவும் அங்கே இல்லை.

எல்லா நீர்க்கட்டிக்கும் இன்சுலின்தான் வேர் என்று நான் சொல்லவில்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் வருகிறது. ஆனால் பின்கழுத்து கறுத்து, அப்பாவுக்கும் சர்க்கரை இருந்து, இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டியவளுக்கு (இந்தியப் பெண்களுக்கு அதுதான் எல்லை) பிடிக்க வேண்டிய நுனி தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் தட்டைப் பார்த்தேன். காலையில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். மதியம் டிபன் பாக்ஸ் நிறையச் சோறு, சாம்பார், ஓரமாக ஒரு ஸ்பூன் பொரியல். ஐந்து மணிக்கு கம்பெனி வாசலில் டீயும் பஜ்ஜியும். இரவு பத்தரைக்கு தோசை. எண்ணெயோ இனிப்போ பெரிதாக இல்லை, 'வீட்டுச் சாப்பாடுதானே' என்று யாரும் சொல்வார்கள். புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தைந்து கிராம்கூடத் தேறவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. அப்போது 72 கிலோ இருந்த எனக்கு அது அறுபது. ஐசிஎம்ஆரும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளின் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. என் தட்டில் பாதிக்கு வெகு மேலே தானியம்தான்.

புதிதாக ஒரு சாமான்கூட வாங்கவில்லை. கொங்கு வீட்டு அடுப்படியில் பயறு வகைக்கா குறை? கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை எல்லாம் டப்பா டப்பாவாக இருந்தன, வாரத்துக்கு ஒருநாள் எட்டிப்பார்ப்பதோடு சரி. இப்போது இரண்டு இட்லி, இரண்டு முட்டை. அல்லது பச்சைப்பயறை ஊறவைத்து இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து அடை. மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதே அளவு கொள்ளுப் பருப்போ தட்டைப்பயறுக் குழம்பின் கெட்டிப் பகுதியோ, பொரியல் இரண்டு மடங்கு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதற்காகக் கொள்ளுத் தண்ணியை மட்டும் குடித்தால் கொழுப்பு கரையும் என்று யாரும் நம்ப வேண்டாம். நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் சேர்ந்து பசியைத் தள்ளிவைக்கிறது. அதுதான் லாபம். தண்ணியை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு பருப்பை மாட்டுக்குப் போடும் பழக்கம் எங்கள் பக்கம் இருந்தது, மாடு கொடுத்துவைத்தது.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பொரியலையும் பயறையும் முதலில் தின்றுவிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவது குறைகிறது. அப்பாவின் குளுக்கோமீட்டரில் நானே பார்த்தேன். அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாற்றம். சோற்றில் பிசைந்தே பழகிய கைக்கு முதலில் தனியாகப் பொரியல் தின்பது விநோதமாகத்தான் இருந்தது. அமுச்சி (அம்மாவின் அம்மா) பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பொம்பளப் புள்ள இத்துனூண்டு சோத்தத் தின்னா ஒடம்புல என்ன தெம்பு இருக்கும்?" என்று ஒரு மாதம் புலம்பினார். பிறகு அவரே கொள்ளுப் பருப்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துத் தர ஆரம்பித்தார்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. அரிசியை விட்டுவிட்டு ராகிக் கஞ்சிக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று கம்பெனியில் பலர் நினைக்கிறார்கள். நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் ராகியும் சர்க்கரையைச் சுருக்கென்று ஏற்றும். அதில் கால்சியமும் நாரும் இருப்பது உண்மை; களியாகக் கிண்டி, அளவாக, பயறுக் குழம்போடு சாப்பிட்டால் நல்லது. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் அப்படித்தான். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், உளுந்து அருமையான பயறு. அதில் விழும் கருப்பட்டி இன்சுலினைப் பொறுத்தவரை சர்க்கரைதான்.

கழற்சிக்காய்ப் பொடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மிளகோடு சேர்த்து வெறும் வயிற்றில் முழுங்கச் சொன்னார் பெரியம்மா. வேப்பங்கொழுந்தெல்லாம் தோற்றுப்போகும் கசப்பு. நாலு இட்லியும் பத்தரை மணி தோசையும் அப்படியே இருக்க, காலையில் ஒரு சிட்டிகைக் கசப்பு மட்டும் உள்ளே போனால் இன்சுலின் எதற்காக இறங்க வேண்டும்? பெரியம்மா மனசு நோகாமல் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டேன்.

உடற்பயிற்சி என்றால் நடைதான் என்று நினைத்திருந்தேன். மருத்துவர் தசையை வளர்க்கச் சொன்னார். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் எடுத்துக்கொள்கிறது. அது வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கட்டிங் செக்ஷன் வராண்டாவில் பத்துப் பதினைந்து நிமிஷம் நடை. வீட்டில் ஒரு ஜோடி டம்பெல். நாற்காலியில் உட்காருவதுபோல் பாதி உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், முதுகுப்பையில் அரிசி மூட்டையைப் போட்டுப் படி ஏறுவது. இதையெல்லாம் அம்மா வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பார். ஜிம்முக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் வசதி. கனம் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கம்தான் எனக்குப் பெரிய இழுபறி. 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை இறக்கும் திறன் அவர்களுக்குக் கண்கூடாகக் குறைந்தது. சாம்பிள் வாரத்தில் நான் தூங்குவது அதைவிட அதிகமில்லை. பையருக்கு நேரம் மாற்றச் சொல்ல முடியாது, சம்பளம் அதில்தான் வருகிறது. முடிந்தது என்னவென்றால், இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கம்பெனியிலேயே முடிப்பது, சாயங்கால டீயோடு காபி, டீயை நிறுத்துவது, பையரோடு போன் பேச வேண்டியிராத நாட்களில் பத்தரைக்குப் போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுப்பது. குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் அசதியோடு எழுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது நீர்க்கட்டி உள்ளவர்களிடம் அதிகம்.

இதற்கு நடுவே மாத்திரையும் சாப்பிட்டேன். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்க உதவும் மெட்ஃபார்மின், 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் வாரங்களில் வயிறு கலக்கியது, பிறகு பழகிவிட்டது. நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நாள் தள்ளிப்போனபோது புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை சில நாட்கள் கொடுத்து வரவழைத்தார். "செயற்கையா வரவைக்கிறது எதுக்கு? இயற்கையா வரட்டும்" என்று அத்தை சொன்னார். இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடே இல்லை. முட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் அப்படி விட்டால் அது புற்றுநோய் வரைக்கும் போகக்கூடும். உணவை மாற்றி உடம்பு திரும்ப மாதங்கள் ஆகும். சவ்வு அதுவரை காத்திருக்காது.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்பதும் அதே ரகம். தாலிக்கும் இன்சுலினுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. குழந்தை பிறக்காது என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முட்டையை வெளிவரவைக்க லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, நீர்க்கட்டி உள்ள பெரும்பாலான பெண்கள் தாயாகிறார்கள்.

ஒரு வருஷத்தில் ஆறு கிலோ குறைந்தேன். பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே முட்டை வெளிவருவது பலருக்குத் திரும்பும் என்பார்கள், எனக்கு அது நடந்தது. இப்போது முப்பத்தைந்து, நாற்பது நாளுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரச் சர்க்கரை 140-க்குக் கீழே. கழுத்து கொஞ்சம் வெளுத்தது. தாடை முடி போகவில்லை. ஒருமுறை முரடாக மாறிய முடிக்கால் சாப்பாட்டை மாற்றியதும் பழையபடி ஆகாது, அதற்குத் திரெட்டிங்கோ லேசரோதான். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் கண்ணாடி முன்னால் அத்தனை நேரம் நின்றிருக்க மாட்டேன்.

அம்மா கதை வேறு. அவருக்குத் தைராய்டு சுரப்பியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. டிபிஓ ஆன்டிபாடி என்ற பரிசோதனையில் தெரிந்தது. சுரப்பியின் வேலை குறைந்துவிட்டதால் தைராக்சின் மாத்திரை வெளியிலிருந்து போக வேண்டும். எந்த விதையும் எந்தச் சாறும் அந்த இடத்தை நிரப்பாது. ஆனால் டோஸ் ஏற ஏற டிஎஸ்ஹெச் இறங்கவே இல்லை, ஒன்பது, பத்து என்றே நின்றது. மருத்துவர் மாத்திரை சாப்பிடும் நேரத்தைக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. காலை ஐந்தரைக்கு மாத்திரை, அதை முழுங்குவது ஃபில்டர் காபியோடு. எட்டு மணிக்கு இட்லியோடு மூட்டுவலிக்கான கால்சியம். காபி தைராக்சினை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும், கால்சியமும் இரும்பும் அதைவிட மோசம். அவை இரண்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

"எந்திரிச்சதும் காப்பித்தண்ணி இல்லைன்னா எனக்கு மண்டை இடிக்கும் கண்ணு" என்றார் அம்மா. காபியைத் தள்ளிவைக்க முடியாதென்றால் மாத்திரையை முன்னால் கொண்டுவரலாமே. தலைமாட்டில் மாத்திரை டப்பாவும் ஒரு சொம்புத் தண்ணியும். நாலரைக்குப் பாத்ரூம் போக எழும்போது தண்ணியோடு மாத்திரை, ஐந்தரைக்கு வழக்கம்போல் காபி. கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். எட்டு வாரம் கழித்துப் பார்த்ததில் டிஎஸ்ஹெச் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது, டோஸைக் குறைக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டில் ஒரு பருக்கைகூட மாறவில்லை. அதிக டோஸ் படபடப்பையும் எலும்புத் தேய்வையும் கொண்டுவரும் என்பதால், நேரத்தை மாற்றினாலும் மறுபடி ரத்தப் பரிசோதனை அவசியம்.

யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் அடியோடு விட்டிருந்தார். வேகவைத்து, நாம் சாப்பிடும் அளவில் அவை தைராய்டை ஒன்றும் செய்யாது. இந்துப்பைத்தான் நிறுத்தினோம். சாதாரண உப்பில் அயோடின் கலப்பது சட்டம். இந்துப்பில் பெரும்பாலும் அது சேர்ப்பதில்லை. அம்மாவுக்கு அது நோயின் காரணம் இல்லை என்றாலும், வீட்டில் அண்ணி அப்போது மாசமாக இருந்தார். கர்ப்பத்தில் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே கேடு.

போன மாதம் சித்தி போன் செய்தார். அவர் மகள் பத்தாவது படிக்கிறாள், பூப்பெய்தி இரண்டு வருஷம். ஒருமுறை ஐம்பது நாள் தள்ளிப் போனதற்கு ஸ்கேன் எடுத்து, 'நீர்க்கட்டி' என்று ரிப்போர்ட் வாங்கி, வீடே துக்கம் விழுந்தமாதிரி இருந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் தலைமையேற்று 2023-இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், பூப்பெய்தி எட்டு வருஷம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்கிறது. அந்த வயதில் சினைப்பையில் நிறைய முட்டைப்பை தெரிவது இயல்பு. முதல் வருஷம் முன்னே பின்னே வரும். ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் 21 நாளிலிருந்து 45 நாள் வரை சகஜம். எப்போதாவது ஒருமுறை அதைத் தாண்டினால் பதற வேண்டாம், அடிக்கடி தாண்டினாலோ ஒரே ஒரு முறை 90 நாளைக் கடந்தாலோ காட்ட வேண்டும். சட்டென்று முகத்தில் முடி முளைத்து, குரல் கரகரத்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சித்தியிடம் இதைச் சொல்லி, காலண்டரில் தேதியைக் குறிக்கச் சொன்னேன். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் சுண்டல் கட்டித்தரச் சொன்னதற்கு மட்டும் பாப்பா போனைப் பிடுங்கி, "அக்கா, நீங்க எங்க அம்மா கிட்டப் பேசவே வேண்டாம்" என்றாள்.